சின்ன மாசத்து நூடுல்ஸ்

புதுசாகக் கடை போடுகிறவர் என்ன பெயர் வைப்பார்? யோகம், செல்வம், லாபம்... இப்படி ஏதாவது மங்களகரமாக! தைவான் தீவின் தெற்கே, தைநான் நகரத்தில் ஒருவர் வைத்த பெயரைக் கேளுங்கள்: 'டு ஷியாவ் யுவே'. 'சின்ன மாசத்தை ஓட்டுவது' என்று அர்த்தம். வருமானம் சுருங்கிப்போன மாசம்தான் சின்ன மாசம். கையில் காசில்லை என்பதையே போர்டாக மாட்டிய மனிதர்!

அவர் பெயர் ஹோங் யூடோ. ('யூடோ' என்றால் சேப்பங்கிழங்கு. பெற்றவர்களுக்கும் ஆடம்பர ஆசை இருந்திருக்காது போல!) தொழில், மீன்பிடிப்பு. கோடை வந்தால் புயல் சீஸன். படகு கரையில், பானை அடுப்புக்கு வெளியே. கடல் அடங்கும்வரை வீட்டில் சாப்பிட வேண்டுமே? தோளில் ஒரு மூங்கில் கம்பு. ஒரு பக்கம் எரியும் அடுப்பும் பானையும், மறுபக்கம் கிண்ணமும் சாமானும். காவடி மாதிரி தூக்கிக்கொண்டு, தைநானின் ஷுயி ஷியன் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தார். அது கடல் தெய்வங்களின் கோயில். படகுக்காரர்கள் கூடுகிற இடம். கம்பில் தூக்கி வந்ததால் அந்த நூடுல்ஸுக்கே 'டான்ட்சாய்' என்று பெயர். டான் என்றால் தோள்சுமை.

கடை தன் பிறந்த வருஷமாகச் சொல்வது 1895. சாதாரண வருஷமா அது? ஏப்ரலில், போரில் தோற்ற சீனா, ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தைவானைத் தூக்கி ஜப்பானிடம் கொடுத்தது. தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. மே மாசம் புலிக்கொடி ஏற்றி, 'தைவான் குடியரசு' என்று அறிவித்துப் பார்த்தார்கள். கடைசியில் அதைத் தாங்கிய ஊர் தைநான்தான். அக்டோபரில் தளபதி லியூ யுங்ஃபூ கப்பலேறிச் சீனாவுக்குத் தப்பினார். ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைந்தது. குடியரசுக்கு ஆயுள் ஐந்து மாசம்!

கம்பு நூடுல்ஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் பார்க்காமல் விடுமா? வாடகை கிடையாது. முதலீடு ஒரு கம்பு, ஒரு அடுப்பு. பன்றிக்கறியைப் பொடியாகக் கொத்தி, சின்ன வெங்காயமும் சோயா சாஸும் சேர்த்து மணிக்கணக்கில் சுண்ட வைத்த குழம்பு. அதில் ஒரு ஸ்பூன் போதும், கிண்ணம் முழுக்க ருசி ஏறிவிடும். சூப்புக்கு இறால் தலை. அதாவது, மற்றவர்கள் தூக்கி எறிகிற சரக்கு! மேலே ஒரே ஒரு முழு இறால், கொஞ்சம் பூண்டு, கறுப்பு வினிகர், கொத்தமல்லி. கிண்ணமோ உள்ளங்கை அளவு. வயிறு நிறையாது, 'இன்னொண்ணு குடுப்பா' என்று கேட்க வைக்கும். ஏழை வாங்குகிற விலையில் விற்க, அளவைக் குறைப்பதைவிட நேர்மையான வழி வேறென்ன?

சின்ன மாசத்துக்கு என்று ஆரம்பித்த பக்கத் தொழில், பெரிய மாசத்தையும் விழுங்கிவிட்டது. ஹோங் முழுநேர நூடுல்ஸ்காரர் ஆனார். 1945-ல் ஜப்பான் போனது. 1949-ல் சீனாவிலிருந்து சியாங் கை-ஷேக்கின் அரசாங்கம் வந்து இறங்கியது. 1987 வரை ராணுவச் சட்டம். ஆட்சிகள் மாறின, குழம்புப் பானை தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. தலைநகர் தைபேயிலும் கிளை திறந்துவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்தக் கடையில் ஒரு வேடிக்கை. நவீன சமையலறை கட்டுகிற வசதி இருந்தும், நூடுல்ஸ் அடுப்பு வாசல் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கும். சமைக்கிறவர் முக்காலி உயரத்து ஆசனத்தில் குனிந்து உட்கார்ந்துதான் நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுப்பார். தோளிலிருந்து இறக்கி வைத்த அடுப்பு அந்த உயரத்தில்தானே இருந்திருக்கும்? பக்கத்தில் சிவப்பு விளக்கு தொங்குகிறது. அதில் இப்போதும் அதே மூன்று எழுத்து... சின்ன மாசத்தை ஓட்டுவது!