வாசிப்புத் தேர்வின் தேய்வு: ஜொகூர் பல்கலைக்கழகங்களை முன்வைத்து

அமெரிக்காவில் ஜெர்மானிய ஆய்வு மரபைத் தழுவி 1876இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தோன்றிய பின், முனைவர் பட்ட மாணவர் பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்ற விதி அங்கே நெடுங்காலம் நிலைத்தது. ஆங்கிலமே அறிவியலின் பொதுமொழியானதும், 1960களுக்குப் பிறகு அந்த விதிக்கான வாசிப்புத் தேர்வு துறைதோறும் உதிரத் தொடங்கியது. மலேசியாவில் அந்த வடிவம் வேரூன்றவே இல்லை. ஆனால் அதன் சாரம் இங்கு வேறு பெயரில் வாழ்ந்தது. ஆய்வாளர் படித்தாக வேண்டிய பிறமொழி இங்கே ஆங்கிலம். அதைப் படிக்கும் திறனுக்குத் தேர்வில் இருந்த தனியிடம்தான் படிப்படியாகச் சுருங்கியிருக்கிறது.

1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்தையடுத்து, 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய்வழி மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 1983இல் பல்கலைக்கழக வாசலை எட்டியது. பின்னர் ஜொகூரின் ஸ்கூடாயில் நிலைகொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உருவெடுத்ததும் இந்த மாற்றத்தின் நடுவில்தான். விரிவுரை மலாயில், நூலகம் ஆங்கிலத்தில் என்ற இரட்டை நிலை அக்காலத்தின் கல்விச் சிக்கல். மலாயாப் பல்கலைக்கழகம் 1970களின் பிற்பகுதியில் நடத்திய சிறப்பு நோக்க ஆங்கிலத் திட்டம் இதற்கென்றே பிறந்தது. நன்றாகப் பேச வைப்பதைவிட, பாடநூலின் ஒரு பத்தியில் எது வரையறை, எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய வைப்பதே அதன் முதல் அக்கறை. என் கணிப்பில், இந்நாட்டு உயர்கல்வி வாசிப்பைத் தனித் திறனாக மதித்த உச்சக்கட்டம் அதுவே.

1999இல் அறிமுகமான மூயெட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு அந்த மதிப்பின் வாரிசு. தொடக்கத்தில் மொத்த மதிப்பெண்ணில் வாசிப்புக்கு 45 விழுக்காடு. எழுத்துக்கு 25, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 15. 2008இல் வாசிப்பு 40 ஆகக் குறைந்தது; 90 நிமிடத்தில் 45 கேள்விகள். மொழித்திறனுக்கான ஐரோப்பியப் பொதுக் கட்டமைப்புக்கு ஏற்ப 2021இல் தேர்வைத் திருத்தியபோது நான்கு திறன்களுக்கும் தலா 25 என்றானது. வாசிப்புத் தாள் 75 நிமிடத்தில் 40 கேள்விகளாகச் சுருங்கியது.

மூயெட் இளங்கலை நுழைவுக்கான தேர்வு, அதை ஆய்வு மாணவரோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். ஆய்வுக்கு வரும் உள்நாட்டு மாணவரில் பெரும்பாலோர் அந்த வாசலைக் கடந்தவர்களே. அதன்பின் அவர்களுடைய வாசிப்பை மட்டும் தனியே எடைபோடும் கட்டம் ஏதும் வழக்கில் இல்லை. மலாயிலேயே ஆய்வேடு எழுத ஸ்கூடாயில் இடமுண்டு என்றாலும், முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலுக்காகப் புரட்ட வேண்டிய இதழ்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். வெளிநாட்டு மாணவர் கொண்டுவரும் ஐயெல்ட்ஸ் எனும் ஆங்கிலத் தேர்வின் சான்றிலும் வாசிப்புக்குக் கால் பங்குதான். இஸ்கண்டார் புத்திரியில் நியூகாசல், சவுத்தாம்டன் போன்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வந்தபின், 'ஆங்கிலம் தெரியும்' என்றால் படிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளும் மனப்போக்கு வலுத்திருக்க வாய்ப்புண்டு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய அமெரிக்கத் தேர்வு அகராதியைப் புரட்டி ஒரு பக்கத்தை ஒப்பேற்றும் சடங்காகிப் போனது. இன்று அந்த வேலையை மொழிபெயர்ப்பு மென்பொருளே செய்துவிடும். சடங்கு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஒரு கட்டுரையாசிரியர் எந்த இடத்தில் உறுதியாகச் சொல்கிறார், எந்த இடத்தில் ஐயத்தோடு நகர்கிறார் என்பதை மென்பொருள் தந்த மலாய் வடிவத்தில் சரிபார்க்கவும், மூலத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நான்கு திறன்களுக்கும் சம மதிப்பு என்பதே நியாயம், வேலை கொடுப்போர் பேச்சைத்தானே கேட்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். பட்டதாரியின் வேலைவாய்ப்புக்கு அது பொருந்தும். ஆனால் சமம் என்பது எல்லாரையும் ஒன்றுபோல் தொடுவதில்லை. குளுவாங், சிகாமாட் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவருக்கு ஆங்கிலம் புத்தகம் வழியே கைவந்திருக்கும். பேசிப் பழக வீட்டிலும் தெருவிலும் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட ஒருவர் வாசிப்பில் 80 விழுக்காடும் மற்ற மூன்றிலும் 50 விழுக்காடும் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1999ஆம் ஆண்டுக் கணக்கில் அவருடைய மொத்தம் 63.5, 2008 கணக்கில் 62, இன்றைய கணக்கில் 57.5.