கட்டாரியின் பிடி

முத்துப்பேட்டையில் பெரியப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கதிரரிவாள் செருகியிருக்கும். "எங்கப்பா காலத்து அரிவாடா இது. பிடிய மட்டும் மூணு தடவ மாத்தியாச்சு" என்பார். அப்படியென்றால் அது பழைய அரிவாளா, புதிதா? அவருக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. இரும்புதான் அரிவாள். பிடி தேயும், மாத்திக்க வேண்டியதுதான்.

பழைய ரிவால்வர் சேகரிப்பவர்களுக்கு இந்தப் பதில் போதாது. துப்பாக்கியில் எளிதில் உடைவதும் மாற்றப்படுவதும் பிடியின் மரச்சில்லுகள்தான். அதனால் திருகாணியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கிறார்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பலவற்றில் வலப்பக்கச் சில்லின் உள்ளே வரிசை எண் இருக்கும். பிடியின் அடியிலுள்ள எண்ணோடு அது பொருந்தினால், உலோகமும் மரமும் ஒன்றாகவே பட்டறையை விட்டு வந்தவை என்று பொருள்.

எங்கள் பக்கத்தில் இதே கேள்வியை ஒரு பழைய ஆயுதத்திடம் கேட்கலாம்: தஞ்சாவூர்க் கட்டாரி. அதில் எண் கிடையாது. கணக்கும் தலைகீழ், பிடி உள்ளூர், அலகு பல சமயம் சீமைச் சரக்கு.

கட்டாரியை வாள்போலப் பிடிப்பதில்லை. இரு பக்கச் சட்டங்களுக்கு இடையிலுள்ள குறுக்குக் கம்பிகளை முஷ்டியால் இறுக்கிக் குத்துவார்கள். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையைக் காக்க, பாய்மரச் சீலைபோல வளைந்த எஃகுத் தகடு உண்டு. அதன் நுனியில் யாளியோ பாம்போ தலை நீட்டும். கோயில் தூணில் பார்க்கும் அதே யாளிதான். அந்தப் பிடிக்குள் ஐரோப்பிய வாளின் துண்டைச் செருகி, தறைந்திருப்பார்கள். கடலோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை: நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர்.

சரி, அலகில் உள்ள முத்திரையை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாமே? அங்கேதான் வில்லங்கம். ஜெனோவா வாள்களில் பல்வைத்த இரு அரிவாள்கள் எதிரெதிராக நிற்பதுபோல ஒரு முத்திரை உண்டு. அதற்கு மதிப்பு இருந்ததால் இந்தியக் கொல்லர்களும் தங்கள் அலகில் அதையே அடித்தார்கள். முத்திரை பொய் சொல்லும். யாளியின் வாயைச் செதுக்கிய கைப்பழக்கம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

இது சேகரிப்பாளரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. 1860களில் நல்லவை என்று பட்டவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சம் பெரும்பாலும் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. தப்பியவற்றில் சில கடல் கடந்தன. எழும்பூரில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும், ஒரு கட்டாரி தஞ்சாவூருடையது என்று இன்று சொல்ல வைப்பது பெரும்பாலும் அதன் பிடிதான். பிடியைக் கழற்றி அலகை மட்டும் வைத்துக்கொண்டால், அது ஏதோ ஒரு சீமை இரும்பு.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பழைய பிடிய எரிச்சிருக்கக் கூடாதோ?" என்றார்.