ஒலியைப் பகுப்போர் யார்? – வடிகட்டி வரிசையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஒரு கருவியின் அளவுகளை யார் தீர்மானித்தனர், எவரது தேவைக்காகத் தீர்மானித்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஒலியைக் கூறுகூறாகப் பிரிக்கும் வடிகட்டி வரிசை இவ்வினாக்களுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். கணினித் திரையிலே பெட்டிகளை வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து ஒலிநிரல் அமைக்கும் மாணவர் ஒருவர் இன்று சிறிது நேரத்தில் இவ்வரிசையை உருவாக்கிவிடலாம். ஆயின், அது ஆய்வுகூடம், தொலைபேசிக் கொம்பனி, போர்க்காலத் தலைமையகம் ஆகியவற்றைக் கடந்தே அவரது கைக்கு வந்து சேர்ந்துள்ளது.

பட்டை வடிகட்டி என்பது குறித்த ஒரு மீடிறனையும் அதன் அயலையும் செல்லவிட்டு, ஏனையவற்றை அடக்குவதாகும். வெவ்வேறு நடு மீடிறன்களைக் கொண்ட இத்தகைய வடிகட்டிகள் பலவற்றை அருகருகே வைத்து, ஒரே ஒலியை அனைத்துக்கும் ஊட்டினால் அது வடிகட்டி வரிசையாகின்றது. 'ஈ' என ஒலிக்கும்போது வலு ஏறத்தாழ 300 ஹேர்ட்சை அண்டியும் 2000 ஹேர்ட்சுக்கு மேலும் திரள்கின்றது. 'ஆ' என ஒலிக்கும்போது இவ்விரு திரட்சிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எனவே ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு வலு உள்ளதென அளந்தால், ஒலிக்கப்பட்ட உயிரெழுத்து எதுவென அறிதல் கூடும்.

இவ்வெண்ணத்தின் கணித அடிப்படையை 1822இல் வெளியான பூரியேயின் வெப்பவியல் நூல் தந்தது. செவியும் ஒலியை அவ்வாறே பகுக்கின்றது என 1843இல் ஓம் கூறினார். 1863இல் தமது பெருநூலை வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ், இரு துளைகளையுடைய உள்ளீடற்ற பரிவுக் கோளங்களைப் பயன்படுத்தினார். ஒரு துளையைச் செவியில் பொருத்தினால், கோளத்துக்குரிய மீடிறன் மட்டும் மிகுந்து கேட்கும். பாரிசில் கருவிகள் செய்த கோனிக், இத்தகைய பரிவுக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுடனும் ஒரு வாயுச்சுடரை இணைத்தார். ஒலிக்கேற்பத் துடித்த சுடர்களைச் சுழலும் கண்ணாடியிற் காண முடிந்தது. ஒலியின் கூறுகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் முயற்சி கணினிக்கு நெடுங்காலம் முந்தியது என்பதை இது காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வறிவு வணிகத்தின் வசமாயிற்று. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்பும் தேவையே, அமெரிக்காவிற் கம்பெல்லும் ஜேர்மனியில் வாக்னரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வகுத்த மின் வடிகட்டிகளுக்குப் பயன்பாட்டைத் தேடித் தந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி 1928இல் மற்றுமோர் எண்ணத்தை முன்வைத்தார். வாயும் நாவும் மெதுவாகவே அசைகின்றன; ஆகவே பேச்சை ஏறத்தாழப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலு மாறும் விதத்தை மட்டும் அனுப்பினாற் போதும் என்பதே அது. ஒரு பட்டைக்கு ஏறத்தாழ 25 ஹேர்ட்ஸ் வீதம் கணித்தால், 3000 ஹேர்ட்ஸ் இடங்கொள்ளும் பேச்சு அதன் பத்திலொரு பங்குக்குள் அடங்கிவிடும். வோகோடர் எனப்பட்ட கருவி இவ்வாறு தோன்றியது. 1939ஆம் ஆண்டின் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அதன் உடன்பிறப்பான வோடர் காட்டப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி பெற்ற பெண்கள், விரல்களால் வடிகட்டிகளையும் மணிக்கட்டாலும் காலாலும் ஏனையவற்றையும் இயக்கி அதனைப் பேசவைத்தனர்.

அடுத்து வந்தது போர். 1943 ஜூலை 15இல் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய சிக்சாலி என்னும் இரகசியத் தொலைபேசி முறைமை, வடிகட்டி வரிசையையே அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு பட்டையின் வலுவும் விநாடிக்கு 50 தடவை அளக்கப்பட்டு ஆறு படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. பின்னர், இசைத்தட்டிற் பதியப்பட்ட ஒழுங்கற்ற எண்களுடன் கூட்டி மறைக்கப்பட்டது. ஏறத்தாழ 55 தொன் எடைகொண்ட இம்முறைமை பற்றிய செய்திகள் 1976 வரை மறைத்துவைக்கப்பட்டன. மனிதக் குரல் எவ்வாறு பகுக்கப்படுகின்றது என்ற அறிவின் ஒரு பகுதி, மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அரசின் சொத்தாக இருந்தது.

இசைத்துறைக்கும் இக்கருவி மெல்ல வந்தது. 1948இல் டட்லி ஜேர்மனியிலுள்ள பொன் நகரிலே மேயர்-எப்ளருக்கு வோகோடரை அறிமுகப்படுத்தினார். மேயர்-எப்ளரோ கொலோன் மின்னிசைக் கூடத்தின் தோற்றத்துக்குத் துணைநின்றவர். 1971இல் வெளியான 'எ குளொக்வேர்க் ஒறேஞ்ச்' திரைப்படத்தில் வென்டி கார்லோஸ் வோகோடரைப் பாடவைத்தார். எனினும், பெருந்தொகைப் பணமும் கூடமும் உடையோரே அதனை அணுக முடிந்தது.

இத்தடை கணினியால் தளர்ந்தது. பெல் ஆய்வுகூடத்திலே 1957இல் கணினியை இசைக்கச் செய்த மக்ஸ் மத்யூஸ், சிறு ஒலி அலகுகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். 1980களின் நடுப்பகுதியிற் பாரிசின் இர்காம் நிறுவனத்தில் மில்லர் பக்கற் ஆக்கிய நிரலில், இணைப்பு எழுத்தாலன்றி வரைதலால் நிகழ்ந்தது. மத்யூசின் நினைவாக அதற்கு மக்ஸ் எனப் பெயரிடப்பட்டது. 1996இல் அவர் ஆக்கிய பியூர் டேற்றாவின் மூலநிரலோ எவரும் பெறக்கூடியதாகும்.

இம்மொழிகளில் வடிகட்டி வரிசையின் அமைப்பே அதன் படமாகின்றது. குரல் ஒரு பெட்டியிலிருந்து பல கோடுகளாகப் பிரிகின்றது. ஒவ்வொரு கோடும் ஒரு பட்டை வடிகட்டியை அடைகின்றது. அதன் வலு அளக்கப்பட்டு, அதே பட்டையில் வடிகட்டப்பட்ட வேறோர் ஒலியைப் பெருக்குகின்றது. ஈற்றில் அனைத்தும் கூட்டப்படுகின்றன. ஒரு பட்டைக்குரிய பகுதியைத் தனியே சேமித்து, நடு மீடிறனை மட்டும் மாற்றிப் பலமுறை பயன்படுத்தலாம். டட்லியின் கருவி இவ்வாறு ஒரு திரையினுள் அடங்குகின்றது.

ஆயின் எளிமை ஓர் ஆபத்தையும் உடன்கொண்டு வருகின்றது. பட்டைகள் எத்தனை, எங்கே, எவ்வளவு அகலம் என்பன இயற்கை விதித்தவை அல்ல. 10 ஹேர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி விழித்தெழ விநாடியின் பத்திலொரு பங்களவு தேவை. எனவே மீடிறனை நுணுகிப் பிரிப்பவர் 'ப', 'ட' போன்ற வெடிப்பொலிகளின் கூர்மையை இழப்பார். 3000 ஹேர்ட்சுடன் நிறுத்துபவர் 'ஸ்' ஒலியின் பெரும்பகுதியைக் கைவிடுவார். செவியோ சமமாகப் பகுப்பதில்லை. 1961இல் சுவிக்கர் வகுத்த 24 பட்டைகள், 500 ஹேர்ட்ஸ் வரை ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ் அகலமும் அதற்கு மேல் நடு மீடிறனின் ஐந்திலொரு பங்களவு அகலமும் உடையன. 1965இல் வெளியான விரைவுப் பூரியே கணிப்பு முறை, ஒலியைச் சம இடைவெளிகளிற் பகுக்கின்றது. வேண்டியவாறு சமமற்ற பட்டைகளை வகுக்க இயல்வதாலேயே வடிகட்டி வரிசை இன்றும் நிலைக்கின்றது.

ஆகவே, ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியை எண்களைப் பாராது பயன்படுத்துபவர், எதைக் கேட்கவேண்டும், எதைக் கழிக்கவேண்டும் என்று பிறர் செய்த தீர்ப்பையும் சேர்த்தே ஏற்கின்றார். தொலைபேசிக் கம்பியின் சிக்கனம் அத்தீர்ப்பினுள் மறைந்திருக்கலாம். வரையும் நிரல்மொழி நமக்கு அளித்திருப்பது எளிமை மட்டுமன்று; அப்பெட்டியைத் திறந்து தீர்ப்பை மாற்றும் உரிமையுமாகும். அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கு ஒலியியலுடன் வரலாறும் வேண்டற்பாலது.