அச்சமும் அப்பியாசமும்: நாய்களின் நடத்தைச் சிகிச்சையில் மருந்துக்குரிய இடம்

உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் பெரிய மருத்துவக் கல்வி நிலையங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கோரிமேட்டு ஜிப்மர். 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இன்றைய பெயரை ஏற்றது. மற்றொன்று 1994இல் கல்லூரியாகத் தொடங்கிய குரும்பாபேட்டு ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம். காரணமற்ற பீதியினால் வீட்டை விட்டு வெளியே வரவும் அஞ்சுகிற ஒரு மனிதன் முன்னதன் வாசலுக்கு வந்தால், அவனுக்கு மாத்திரையும் கொடுத்து, பழக்கத்தின் மூலம் அச்சத்தைத் தணிக்கும் முறையையும் கற்பிப்பதில் இன்று எவருக்கும் ஆக்ஷேபம் இல்லை. அதே பீதி, அதே நடுக்கம், அதே உறக்கமின்மை ஒரு நாய்க்கு நேர்ந்து, அதற்கும் அதே நியாயப்படி மருந்து கொடுக்கலாம் என்று ஒரு கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும், நாய் வளர்ப்போரும் பயிற்சியாளரும், சில வேளை மருத்துவர்களுமே, முகஞ்சுளிக்கிறார்கள். நாய்க்குப் பயிற்சிதான் வேண்டும், மருந்து சோம்பேறியின் வழி என்பது அவர்கள் கட்சி.

பயிற்சி பிரதானம் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் அச்சத்தின் அளவு ஓர் எல்லையைத் தாண்டிய நாய்க்கு மருந்தை மறுப்பது, பயிற்சியையே மறுப்பதாக முடிகிறது என்பதும், பயிற்சியின்றி மருந்தை மட்டும் கொடுப்பது அதைவிட நல்லதன்று என்பதும் இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்துகள்.

அச்சத்தின் ஸ்வரூபத்தை அருகில் நின்று பார்ப்பது முதலில் அவசியம். ரெட்டியார்பாளையத்திலோ மூலக்குளத்திலோ ஒரு தெரு வழியே சாவு ஊர்வலம் மேளத்தோடும் வெடியோடும் போகிறது. தீபாவளி வாரமென்றால் வெடிக்கு நேரங்காலமே இல்லை. அந்தத் தெருவில் வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய் ஒன்று இருந்தால், முதல் ஓசை கேட்டவுடனே அது கட்டிலுக்கடியிலோ குளியலறை மூலையிலோ புகுந்துகொண்டு, வாலை வயிற்றோடு ஒட்டி, கண்மணி விரிந்து, எச்சில் ஒழுக, வெயில் இல்லாத நேரத்திலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. அப்போது வேகவைத்த ஈரல்துண்டை அதன் மூக்கருகே நீட்டிப் பாருங்கள். எந்த நாயும் விடாத அந்த ஈரலை அது முகர்ந்தும் பார்ப்பதில்லை. ஈரலை ஏற்காத நாய் பாடத்தையும் ஏற்காது என்பதை அநுபவமுள்ள பயிற்சியாளர் அறிவர். ஏனெனில் அச்சத்தைப் போக்கும் பயிற்சி முழுவதும், அஞ்சத்தக்க ஒன்றை அஞ்சாத அளவுக்குக் குறைத்துக் காட்டி, அதனோடு இனிய ஒன்றை மீண்டும் மீண்டும் இணைத்து, அளவைப் படிப்படியாக உயர்த்துவதிலேயே அடங்கியிருக்கிறது. பதிவு செய்த வெடியோசையைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்கவிட்டு, நாய் அமைதியாக இருக்கும்போதே தீனி கொடுத்து, நாள்தோறும் ஓசையை மயிரிழையாய்க் கூட்டுவதே அந்த அப்பியாசம். மிக மெல்லிய ஓசைக்கே நடுங்கிப் போகும் நாய்க்குத் தொடங்குவதற்குரிய படியே இல்லை. ஈரமற்று இறுகிய நிலத்தில் ஏர் இறங்காது; ஆனால் மழை பெய்துவிட்டது என்பதற்காக உழாமலும் விதைக்காமலும் யாரும் அறுவடைக்குப் போவதில்லை. மருந்துக்கும் பயிற்சிக்கும் உள்ள சம்பந்தம் இத்தகையதே.

இது புதிய எண்ணமும் அன்று. 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில், வட்டத்தைக் கண்டால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் கண்டால் இல்லை என்று ஒரு நாய்க்குக் கற்பித்து, அந்த நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கச் செய்தார்கள். அதன் இரு அச்சுகளும் எட்டுக்கு ஒன்பது என்ற விகிதத்தை அடைந்தபோது, அதுவரை சாதுவாக இருந்த நாய் கதறிற்று, கருவிகளைக் கடித்தது, முன்பு தெளிவாகக் கற்றிருந்த எளிய வேறுபாட்டையும் மறந்தது. மனக்கலக்கம் கற்றதையே அழித்துவிடும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமா? கற்பித்தல் என்னும் சாஸ்திரத்துக்கே ஆதிபுருஷராகக் கருதப்படும் பாவ்லவ், பிற்கால ஆய்வுகளில் இத்தகைய நாய்களுக்கு ஓய்வோடு புரோமைடு உப்பையும் கொடுத்துப் பார்த்தார். நரம்பு வலிமை குன்றிய நாய்க்கு மிகச் சிறு அளவே போதும், அதிகமானால் தீமை என்றும் கண்டார். பயிற்சியின் பெயரால் மருந்தை மறுப்பவர்கள் தங்கள் மூலபுருஷரின் இந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். தனிமையில் விடப்படும்போது கதவைப் பிராண்டி, ஊளையிட்டு, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் பிரிவச்சத்துக்கு, குளோமிப்ரமின் என்னும் மருந்தை 1998இலும், ஃபுளுவாக்ஸெட்டினை 2007இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் நாய்களுக்கென்றே அங்கீகரித்தது. இவ்விரண்டு அங்கீகாரங்களிலும், நடத்தையைத் திருத்தும் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கிறது. ஃபுளுவாக்ஸெட்டின் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வில், எல்லா நாய்களுக்கும் பயிற்சி அளித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்ததில், எட்டு வாரத்தின் முடிவில் மருந்து பெற்றவற்றில் 72 சதவீதமும் பெறாதவற்றில் 50 சதவீதமும் தேறின. இந்த எண்களை இரு திசையிலும் நேர்மையாகப் படிக்கவேண்டும். பயிற்சி மட்டும் பெற்றவற்றில் பாதி தேறியது என்பது பயிற்சிக்குப் பெருமை. ஆகவே எடுத்த எடுப்பில் எல்லா நாய்க்கும் மாத்திரை எழுதுவது தவறு. அதே சமயம், மருந்து சேர்ந்ததால் நூற்றுக்கு இருபத்திரண்டு நாய்கள் கூடுதலாகத் தேறின என்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று. வீட்டில் வைத்திருக்க முடியாது என்று தெருவில் விடப்படும் நாய்கள் பெரும்பாலும் அந்த இருபத்திரண்டில் சேர்ந்தவையே என்று நான் கருதுகிறேன்.

மருந்து என்றால் மயக்கம் என்று எண்ணுவதே குழப்பத்துக்கெல்லாம் மூலம். 1950இல் பிரான்ஸ் தேசத்து ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் குளோர்ப்ரோமசின் பிறந்து, 1952இல் பாரிஸ் மருத்துவமனையில் மனிதரின் சித்தப்பிரமைக்குப் பயன்பட்டுப் புகழடைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அசிப்ரோமசினை நெடுங்காலமாக வெடிக்கு அஞ்சும் நாய்களுக்குக் கொடுத்து வந்தார்கள். அது உடலை அடக்குகிறதே ஒழிய அச்சத்தைத் தணிப்பதில்லை. ஓடவும் ஒளியவும் இயலாமல் கிடந்தபடியே நாய் அத்தனை வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டார் அதைப் பார்த்து நாய் நிம்மதியாக உறங்குகிறது என்று நினைக்கிறார்கள். இந்தப் பிரயோகத்தைத் தனித்து நின்ற சிகிச்சையாக ஏற்பதற்கில்லை. மாறாக, நாள்தோறும் கொடுக்கப்படும் ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவை, மூளையில் செரட்டோனின் இயங்கும் விதத்தை நான்கு முதல் ஆறு வாரங்களில் மெல்ல மாற்றுகின்றன. உரிய அளவில் அவை நாயை மந்தமாக்குவதும் இல்லை, பழக்க அடிமையாக்குவதும் இல்லை. ஆகவே ஐப்பசித் தீபாவளிக்கு ஆவணியிலேயே தொடங்கவேண்டும். முதல் நாள் மாலை மருந்துக்கடைக்கு ஓடுவதில் பயனில்லை. வெடி நாளுக்கு மட்டும் சில மணி நேரம் முன்னதாகக் கொடுக்கும் டிராஸடோன், காபாபென்டின் முதலியவற்றுக்கும், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் பசைக்கும் தனியிடம் உண்டு. அல்பிரசோலம் வகையோ நினைவாற்றலைக் குறைத்து, கற்பதற்கே ஊறு செய்யக்கூடும். அச்சத்தினால் அடங்கியிருந்த கடியை அவிழ்த்துவிடவும் கூடும்.

மருந்தின் பக்கம் வாதாடுகிறவன் அதன் அபாயங்களையும் சொல்லக் கடமைப்பட்டவன். நம் வீடுகளில் உண்ணிக்கு மருந்தென்றால் அமிட்ராஸ் என்பது வழக்கம்; குளிப்பாட்டும் நீரில் கலந்தோ கழுத்துப்பட்டையாகவோ அது வருகிறது. அமிட்ராஸின் சுபாவம் ஃபுளுவாக்ஸெட்டினோடும் குளோமிப்ரமினோடும் ஒவ்வாதது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கமும் காய்ச்சலும் வலிப்பும் கண்டு நாய் இறக்கவும் நேரலாம். வீட்டில் அமிட்ராஸ் உண்டா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேளாமல் மாத்திரை எழுதுகிற சீட்டு, சீட்டே அன்று. வலிப்பு வரலாறும், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையும் அறியாமல் தொடங்குவதும் அப்படியே.

அதற்கும் முன்னே நோயைத் தெளிவது நிற்கிறது. திடீரென்று கடிக்கத் தொடங்கிய நாயிடம் நம் நாட்டில் முதலில் ஐயுறவேண்டியது ரேபிஸ். அது இல்லையென்றான பின் காதுச் சீழும், மூட்டு வலியும், உண்ணிக் காய்ச்சலும் தேடப்படவேண்டும். வெள்ளை ராஜபாளையத்து நாய்களில் பிறவிச் செவிடு உண்டு; பின்னிருந்து தொட்டவுடன் திடுக்கிட்டுக் கடிக்கும் அத்தகைய நாய்க்கு வேண்டுவது மாத்திரையும் அன்று, சொற்கட்டளையும் அன்று; கண்முன் வந்து கையசைத்துப் பழக்கும் முறையே. குளோமிப்ரமின் அங்கீகாரமே, ஆக்ரோஷத்துக்கு இம்மருந்து உரியதன்று என்று எச்சரித்திருப்பதையும் மறக்கலாகாது.

மருந்தால் மறைக்கக்கூடாத ஒரு குற்றமும் உண்டு. மொட்டைமாடியில் குட்டைச் சங்கிலியில் பகல் முழுவதும் கட்டப்பட்ட நாய் குரைக்கிறது, கடிக்கிறது என்பதற்காக அதற்கு மாத்திரை கேட்பவருக்கு, மருத்துவர் எழுதவேண்டிய முதல் மருந்து சங்கிலியை அவிழ்ப்பது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டி வைக்கப்படும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதையே குற்றமாக வைத்திருக்கிறது. துன்பமான வாழ்வைத் தாங்க வைப்பதற்கு மருந்து ஒரு கருவியாகுமானால், மருந்தை எதிர்ப்பவர் பக்கமே நானும் நிற்பேன்.

பயிற்சியாளர் மருந்து எழுத இயலாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, அது பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. மருத்துவரோ, சாவிக்கொத்தின் ஓசையையும் ஹெல்மெட்டைக் கையிலெடுப்பதையும் கண்டவுடனேயே கலங்கத் தொடங்கும் நாய்க்கு அந்த அடையாளங்களை எப்படி வலுவிழக்கச் செய்வது என்று வீட்டாரோடு உட்கார்ந்து விளக்க, தடுப்பூசிக் கூட்டத்தின் நடுவே பொழுது காண்பதில்லை. இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தாதவரை, மருந்து வேறு, பயிற்சி வேறு என்ற வீண் வழக்கு ஓயாது. 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெருநாய்களை அவற்றின் இடத்திலேயே விடலாம், ரேபிஸ் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடலாகாது என்று தீர்ப்பளித்த பின், அச்சத்தால் பல்லைக் காட்டும் நாயையும் உண்மையில் ஆபத்தான நாயையும் பிரித்தறியும் திறமை முன்னிலும் அவசரமாகிவிட்டது; அந்தத் திறமை இந்தச் சிகிச்சை முறையைப் பயில்வதால்தான் வரும்.

ஆதலின் குரும்பாபேட்டு நிலையம், நடத்தைச் சிகிச்சைக்கென ஒரு புறநோயாளர் பிரிவை வாரத்தில் ஒரு நாளேனும் நிலையாக நடத்தி, பயிற்சியாளரை அதில் உடன் அமர்த்தி, கோரிமேட்டு மனநல மருத்துவர்களின் அநுபவத்தையும் கேட்டுப் பெற்று, பட்டப்படிப்பு மாணவர்களை அங்கே கட்டாயமாகப் பயிலச் செய்யவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். வரும் ஆவணியில் தொடங்கினால் தீபாவளிக்குள் முதற்பயனைக் காணலாம்.