லித்தியம்: ஓர் உப்பு மருந்தான வரலாறு

மட்டற்ற மனவெழுச்சியும் பெருஞ்சோர்வும் மாறி மாறி ஒருவரை ஆட்கொள்ளும் நோய் இருமுனைப் பிறழ்வு எனப்படும். இதற்கு இன்று தரப்படும் மருந்துகளுள் வால்புரோயேட், கார்பமசெபின் ஆகியன வலிப்பு நோய் மருத்துவத்திலிருந்து வந்தவை. அவற்றிற்கு முற்பட்டது லித்தியம். அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1949ஆம் ஆண்டை வெற்றியின் ஆண்டாகக் காட்டுவர். அக்கூற்று மறு ஆய்வுக்குரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

லித்தியம், 1817இல் சுவீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் கண்டறிந்த தனிமம். கல்லிலிருந்து கிடைத்தமையால் கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயர் பெற்றது. (நாம் வழங்கும் கல்லுப்பு வேறு, அது கடல்நீரில் விளைவது.) டென்மார்க்கின் கார்ல் லாங்கே விட்டுவிட்டு வரும் மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்தியதை 1886இல் எழுதினார், அது பின்னர் மறக்கப்பட்டது.

சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்து மீண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். மெல்பன் நகரை அடுத்த பண்டூரா மனநல மருத்துவமனையில் அவர் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தியபோது அவை அடங்கிக் கிடந்தன. அந்த அடக்கம் நச்சேற்றத்தால் நேர்ந்ததாகலாம் எனப் பின்வந்தோர் கருதினர். எனினும் அதுவே அவரை அடுத்த படிக்கு இட்டுச் சென்றது. ஐந்தாண்டுகளாக ஓயாத மனவெழுச்சியில் உழன்ற 51 வயது நோயர் ஒருவருக்கு 1948 மார்ச்சில் லித்தியம் தரப்பட்டது. சில மாதங்களில் அவர் இல்லம் திரும்பிப் பழைய பணியில் அமர்ந்தார். எழுச்சி நிலையிலிருந்த பத்து நோயரிடம் கண்ட பயனை 1949 செப்டம்பரில் கேட் வெளியிட்டார். நூல்கள் பலவும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன.

அந்த முதல் நோயர் மருந்தை விட்டதால் மீண்டும் மருத்துவமனை புகுந்தார். 1950இல் லித்தியம் நச்சேறி இறந்தார். கேட் தம் மருத்துவமனையில் அம்மருந்தை நிறுத்திவிட்டார். அமெரிக்காவிலோ, உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயர்க்கு மாற்றுப்பொருளாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, உயிரிழப்புகள் நேர்ந்ததால் 1949இலேயே விலக்கப்பட்டது. உணவில் சோடியம் குறையுந்தோறும் சிறுநீரகம் லித்தியத்தை உடலிலேயே தேக்கிக்கொள்ளும். ஆக, எவருக்கு அது பெருந்தீங்கு செய்யுமோ அவருக்கே அது விற்கப்பட்டது.

குறை பொருளில் அன்று, அளவறியாமையில் இருந்தது. குருதியில் லித்தியத்தைச் சுடரொளியளவியால் கணிக்கும் முறை வந்த பின்னரே அது மருந்தாயிற்று எனலாம். மெல்பனில் நோயக்கும் டிராட்னரும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயரிடம் பெற்ற பட்டறிவை 1951இல் வெளியிட்டனர். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ 1954இல் மருந்தற்ற போலி மாத்திரையோடு ஒப்பிட்டு அதன் பயனை நிறுவினார். அவரும் போஸ்ட்ரப்பும் 1967இல், நோய் மீள்வதையும் இது தடுக்கிறது என்றனர். இது மருத்துவக் கட்டுக்கதை என இலண்டனிலிருந்து மறுநாண்டே மறுப்பு வந்தது. 1970இல் வெளியான இருமறைச் சோதனை அதற்கு விடையிறுத்தது. அமெரிக்காவும் அவ்வாண்டிலேயே மனவெழுச்சிக்கு இதனை ஏற்றது.

இயற்கைப் பொருளுக்குத் தனியுரிமை கிட்டாமையால் நிறுவனங்கள் இதனைப் புறக்கணித்தன என்பர். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அச்சமும் ஒரு காரணம்; அவ்வச்சம் பொருளற்றதுமன்று. குருதித் தெளிநீர் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பயன்; 1.5ஐக் கடந்தால் நச்சுக்குறிகள் தோன்றலாம். பயனுக்கும் கேட்டிற்கும் இடைவெளி அவ்வளவே. இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் லித்தியம் உள்ளது. மாத்திரை கிடைக்கும் ஊரிலெல்லாம் அதன் அளவைக் காட்டும் குருதிச் சோதனையும் கிடைக்கிறதா என்பது தனியே ஆராயத்தக்கது.