காத்தியும் கிலோவும்: பாட்டியின் வீசக் கணக்கு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். 800 கிராம் மாவு 5 வெள்ளி 60 காசு, 1.2 கிலோகிராம் மாவு 9 வெள்ளி, எது மலிவு? பெரும்பாலோர் பெரிய பொட்டலத்தையே சொன்னார்கள். "பெரிசா வாங்கினா மலிவுன்னு அம்மா சொல்வாங்க, ஐயா" என்றான் ஒருவன். 100 கிராமுக்குச் சிறியதில் 70 காசு, பெரியதில் 75 காசு என்று வகுத்துக் காட்டிய பிறகே நம்பினார்கள்.

என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். ஆயினும் கடைக்காரர் 555 கடன் புத்தகத்தில் எழுதி முடிக்குமுன் பாட்டி தொகையைச் சொல்லிவிடுவார்.

அந்நாளில் இங்கே பொருள்கள் காத்திக் கணக்கில் விற்கப்பட்டன. 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். மூன்று காத்தி நான்கு பவுண்டுக்குச் சமம். அரிசியைக் கந்தாங்கில் அளந்தார்கள். நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே தராசின் முன் நின்ற காலம் அது.

இந்தப் பதினாறு தமிழருக்குப் புதிதன்று. நம் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. வீசம் என்பது பதினாறில் ஒன்று. அதற்கு மாகாணி என்றும் பெயர். மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருப்பதை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். ரூபாய்க்கும் 16 அணாதான். நீரிணைக் குடியேற்றங்களில் 1867 வரை அந்த ரூபாயே அதிகாரப்பூர்வ நாணயமாக இருந்தது.

பாட்டியின் தந்தை தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்தவர். அவர் வாய்வழியாகச் சொல்லிக் கொடுத்ததே பாட்டியின் கல்வி. காத்தி 1 வெள்ளி 60 காசு என்றால் ஒரு தாயில் 10 காசு. கால் காத்தி 40 காசு. அவருக்கு இது கணக்காகவே தோன்றியதில்லை, பேச்சாகத்தான் இருந்தது.

1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் கிலோ மெல்ல மெல்லக் கடைகளுக்கு வந்தது. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். முன்பு காத்தி 2 வெள்ளி 40 காசுக்கு விற்ற கருவாட்டுக்கு ஒரு நாள் கடையில் "கிலோ 4.50" என்று எழுதியிருந்தார்கள். எடை கூடியதால் விலையும் கூடிற்று என்று பலர் பேசாமல் வாங்கிச் சென்றனர். பாட்டி மட்டும் நின்றார். "தம்பி, கிலோவைப் பத்துப் பங்கா வையி. காத்தி அதுல ஆறு பங்கு. ஆறு பங்கு ரெண்டு நாப்பதுன்னா ஒரு பங்கு நாப்பது காசு. பத்துப் பங்கு நாலு வெள்ளிதானே? அம்பது காசு யாருக்கு?" கடைக்காரர் சிரித்து மழுப்பினார்; ஆனால் அன்று பாட்டியிடம் 4 வெள்ளிதான் வாங்கினார். மற்றவர்களிடம் என்ன வாங்கினாரோ! நாட்கூலி வாங்குவோர்க்கு 50 காசு சிறு தொகையன்று.

கிலோ வந்தது குற்றமில்லை. பத்தின் மடங்குகள் குழந்தைகளுக்கு எளிது. ஆனால் பழைய அளவையோடு அரைக்காலும் வீசமும் நம் பேச்சிலிருந்து நழுவின. 2003 முதல் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பித்தோம். 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. தமிழில் கற்பிக்கத் திரும்பியபோதும் நாங்கள் "எட்டில் ஒன்று" என்றுதான் சொன்னோம். அரைக்கால் திரும்பி வரவில்லை.

அன்று வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதினேன். அரைக் கிலோ 500 கிராம், கால் கிலோ 250, அரைக்கால் கிலோ 125. "அப்போ வீசம் கிலோ, ஐயா?" என்று கேட்டான் முதலில் பேசிய அதே மாணவன். நான் விடை சொல்லவில்லை. சற்று நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அறுபத்திரண்டரை" என்றான்.