ஓடந்துறை ஊராட்சிக் காற்றாலை

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, வங்கிக் கடன் வாங்கி 2006-இல் சொந்தமாக நிறுவிய 350 கிலோவாட் காற்றாலை. ஊராட்சி ஒன்று தன் பெயரிலேயே மின்சாரம் உற்பத்தி செய்து மின்வாரியத்துக்கு விற்க முடியும் என்பதற்கு நாடு முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இது. காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல. சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில்.

பின்னணி

நீலகிரி அடிவாரத்தில், பவானி ஆற்றை ஒட்டிய சிற்றூர்களின் தொகுப்பு ஓடந்துறை. ஊராட்சியின் மின்செலவு என்பது பெரும்பாலும் தெருவிளக்கும் தண்ணீர் மோட்டாரும்தான். 1990-களின் கடைசியில் பவானித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொடுக்கத் தொடங்கியதும் மோட்டார் ஓடும் நேரம் கூடியது. மின்கட்டணமும் கூடவே ஏறியது. நல்ல தண்ணீர் கொடுத்ததற்கு ஊராட்சி கட்டிய அபராதம் என்றே இதைச் சொல்லலாம்.

1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம், கட்டணத்தைக் குறைக்கும் வழியை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். சில குடியிருப்புகளில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் வந்தன. 2003-இல் தண்ணீர் இறைக்க 9 கிலோவாட் மரவாயுக் கலன் ஒன்று வைக்கப்பட்டது. மரத்துண்டுகளைச் சின்னதாக வெட்டிக் கலனில் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் முழுதாக எரியாமல் வாயுவாக மாறும். அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசி நீக்கி, எஞ்சினுக்குள் விட்டால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்கும். பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. ஆனால் மரம் அறுக்கும் பட்டறைக் கழிவு மலிவாகக் கிடைக்கும் வரைதான் இது கட்டுப்படியாகும். துண்டு வெட்டவும் கலனைச் சுத்தம் செய்யவும் தினமும் ஆள் வேண்டும். காற்றுக்கு விலை கிடையாது என்ற கணக்கு அடுத்து வந்தது.

காற்றாலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதில் புகுந்து உடுமலை, பல்லடம் பக்கத்துச் சமவெளியில் பாய்கிறது. ஊராட்சி அங்கே போய்க் காற்றாலை வைத்ததற்குக் காரணம் இதுதான். ஊருக்கும் காற்றாலைக்கும் இடையே தனிக் கம்பி எதுவும் கிடையாது. உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கட்டமைப்புக்குள் போகிறது. ஊராட்சிக்குப் பலன் கணக்கில் வருகிறது.

மொத்தச் செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. முழுத் திறனில் ஆண்டெல்லாம் சுழன்றால் வரக்கூடியதில் இது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மே முதல் செப்டம்பர் வரைதான் காற்று நன்றாக வீசும் என்பதால் இது மோசமான அளவு அல்ல. ஊராட்சியின் சொந்தத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட், எஞ்சியது வருமானம். மொத்த உற்பத்தியின் மதிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் ரூபாய் என அப்போது கணக்கிடப்பட்டது. கடன் அடைந்த பிறகு அந்தப் பணத்தில் பராமரிப்புச் செலவு போக மீதி ஊர்ப்பணம்.

சண்முகத்துக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். ஓடந்துறையில் குடிசைகளுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான காங்கிரீட் வீடுகள் எழுந்தன. 2011-இல் தமிழக அரசு அறிவித்த சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. 300 சதுர அடி வீடு, ஒன்றுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு என்பது அத்திட்டத்தின் தொடக்கக் கணக்கு.

யார் பெயரில்?

தூய மின்சாரம் வந்தால் உள்ளூருக்கு நன்மை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நன்மையின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் ஆலை யார் பெயரில் இருக்கிறது என்பதே. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், அளவில் ஓடந்துறையைப் போல ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கும் மேல். ஆனால் அது தனியார் நிறுவனத்தின் சொத்து. அங்கே ஊருக்குக் கிடைக்கக்கூடியது நிலத்தின் விலையும் கொஞ்சம் வேலையும்தான். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000-இல் எழுந்த மிடில்குருண்டன் காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துடையது. ஓடந்துறை இந்த இரண்டாவது வகை.

பார்க்க வந்தவர்கள் பலர், பின்பற்றியவர்கள் குறைவு. 40 லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஊராட்சிகள் சொற்பம். சந்தையில் இன்று விற்கும் காற்றாலைகள் 2, 3 மெகாவாட் அளவுள்ளவை, விலை பல கோடி. ஓர் ஊராட்சியின் கைக்கு அடங்கிய 350 கிலோவாட் இயந்திரம் இப்போது வழக்கொழிந்துவிட்டது.

நகரத்துக்குப் பொருந்துமா?

சென்னை ஆழ்வார்பேட்டையில் காற்றாலைக்கு வழியில்லை, மொட்டைமாடியில் சூரியத் தகடுக்கு உண்டு. எல்டாம்ஸ் சாலை, டி.டி.கே. சாலைச் சந்துகளின் அடுக்குமாடிகளில் மாடி யாருக்கும் தனிச்சொத்து அல்ல, எல்லோருக்கும் பொது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் மின்கட்டணமும் பொது. அந்த வகையில் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் ஒரு குட்டி ஊராட்சியே. ஒரு கிலோவாட் தகடுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். சென்னை வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, பக்கத்துக் கட்டடத்தின் நிழல், தென்னை மட்டை எல்லாம் போக எஞ்சும் இடத்தை அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், சங்கங்களின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீடு ஒன்றுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை பெறலாம்.